ஐந்து தூண்கள் எங்கே?

அந்த மூதாட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. சற்றுமுன் மினாராவிலிருந்து கேட்டதே பாங்கு, அந்தத் தொழுகை அழைப்பு ஒலிப்பதிவா, அல்லது உள்ளே ஓர் ஆள் நின்று சொன்னாரா? பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வாசலில், வருகையாளர்களுக்குக் கொடுக்கும் நீள அங்கியைத் தோளில் சரிசெய்துகொண்டே கேட்டார். எதிரே நின்றவன் என் மாணவன். மூன்று வாரம் விடாமல் பயிற்சி எடுத்தவன். ‘ஆள்தான்’ என்று சொல்லியிருந்தால் போதும். அவனோ கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த உரையின் முதல் வரியை எடுத்துவிட்டான். இஸ்லாம் ஐந்து தூண்களின் மீது நிற்கிறது என்றான், ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல்.

மூதாட்டி கழுத்தை நிமிர்த்திப் பள்ளிவாசலின் தூண்களை எண்ணத் தொடங்கினார்.

ஐந்துக்கு மேல் இருக்கிறதே, நீ சொல்லும் ஐந்து எவை என்று கேட்டார். அதில் கேலி துளியும் இல்லை. அவன் சொன்னது மார்க்கத்தின் அடிப்படைகளை. அவரோ கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறான் என்றே நம்பிவிட்டார். அவன் இரண்டாவது வரிக்குப் போனான். முதல் தூண் ஷஹாதா என்றான், இறைநம்பிக்கையைச் சொல்லும் உறுதிமொழிக்கு அரபிப் பெயர் அது. அவர் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். நான் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றுகொண்டு நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை.

இது நடந்தது சென்ற ஆண்டு. இங்கே பினாங்கில் ஒரு கல்லூரியில் இஸ்லாமியத் தொடர்பியல் படிக்கும் பதினான்கு பேருக்கு, சனிக்கிழமை மாலைகளில், ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆங்கில மேடைப்பேச்சு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் மலாய்ப் பிள்ளைகள். நான்கு பேர் நம்மவர்கள், வீட்டில் தமிழ் பேசுபவர்கள். வாசலில் நின்ற பையன் அந்த நால்வரில் ஒருவன்.

அது என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பாதி குர்ஆன், ஹதீஸ் என்னும் நபிமொழி, மார்க்க அழைப்புப்பணி. மறு பாதி இதழியல், வானொலி, மக்கள் தொடர்பு. படித்து முடித்தவர்கள் பள்ளிவாசல் நிர்வாகம், ஸகாத் என்னும் கட்டாயக் கொடைக்கான அலுவலகம், தொலைக்காட்சி என்று வேலைக்குப் போகிறார்கள். கோம்பாக்கிலுள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1983-இல் தொடங்கியது முதலே ஆங்கிலத்தையும் அரபியையும் பாடமொழியாக வைத்திருப்பதால் அங்கே படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறுவிதமாக இருக்கலாம். என்னிடம் வந்தவர்கள் மலாயில் படித்தவர்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வுக்காக இரண்டு நிமிடம் ஆயத்தமாகி இரண்டு நிமிடம் பேசிப் பழகியவர்கள். அந்தத் தேர்வு 1999-இல் வந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு ஆங்கிலப் பேச்சு என்றாலே எதிரே ஒரு மதிப்பெண் தாள் இருக்க வேண்டும். ஆள் இருந்தால் தடுமாறிவிடுகிறார்கள்.

அவர்களுடைய முதல் பருவத்திலேயே அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1948-இல் வகுத்த சூத்திரம் வந்துவிடும். யார், எதை, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்ற அந்த ஐந்தையும் தேர்வில் வரிசை மாறாமல் எழுதிவிடுவார்கள். பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது நான்காவது மட்டும் காணாமல் போய்விடுகிறது. யாருக்கு?

அந்தப் பள்ளிவாசல் இருக்கும் சாலைக்கு வருகிறவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்தால் போதும். 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். அடுத்து குவான் இன் கோயிலில் ஊதுபத்திப் புகையில் கண் எரிந்திருக்கும். லெபோ குவீன் பக்கம் திரும்பி 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் படம் எடுத்திருப்பார்கள். கடைசியாகத்தான் கவுதர் மொய்தீன் 1801-இல் நிறுவிய இந்தப் பள்ளிவாசலுக்கு வருவார்கள். வெயில், தாகம், கால் வலி. 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தைப் பட்டியலில் சேர்த்த பிறகு வந்த கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான். செருப்பைக் கழற்றிய பாதத்துக்குத் தரையின் குளிர்ச்சி இதமாக இருக்கும் அந்த நிமிடத்தில் அவர்களுக்கு வேண்டியது தங்கள் கேள்விக்கு ஒரு பதில். நம் பிள்ளைகள் கொடுப்பது ஏழு நிமிட உரை.

என் அத்தாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து பினாங்கில் பணமாற்றுக் கடையில் நின்றவர். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற தகுதியை இந்தத் தீவு 1969-இல் இழப்பதற்கு முன்பு கப்பல்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்களாம். அவருடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் கிடையாது, பன்மையும் கிடையாது. நோட்டை விரலில் விரித்து ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணுவார். ஒவ்வொரு பத்தாவது நோட்டிலும் நிறுத்தி, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த பத்து. கிரேக்க மாலுமியானாலும் சரி, தோட்டத்துத் துரையானாலும் சரி, அத்தா பேசியது புரியவில்லை என்று யாரும் திரும்பிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள். அத்தாவைப்போல் முகம் பார்த்து நிறுத்தக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்குப் பிறகு.

மூதாட்டி தூண் எண்ணிய கதைக்குப் பிறகு வகுப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துப் பலகையில் எழுதினேன். ஐந்து தூண்கள். அரபியில் அர்க்கான், மலாயில் ருக்குன். அரபிச் சொல்லுக்குத் தூண் என்ற பொருள் உண்டு, ஆங்கிலமும் அதையே அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழில் நாம் என்ன சொல்கிறோம் என்று அந்தப் பையனைக் கேட்டேன். ஐந்து கடமைகள் என்றான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். நம் முன்னோர்கள் மொழிபெயர்க்கும்போது தூணை விட்டுவிட்டார்கள். கேட்பவனுக்குத் தூண் கட்டடத்தில் இருப்பது, கடமை தன் தலையில் இருப்பது. ஸலாத்தைத் தொழுகை என்றார்கள், ஸவ்மை நோன்பு என்றார்கள். தொழுவதும் நோன்பிருப்பதும் தமிழ் மண்ணில் எல்லாருக்கும் முன்பே தெரிந்த செயல்கள். தெரிந்த சொல்லில் தெரியாததை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சுக்கலைப் புத்தகம் எழுதாமல் அதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். ஆங்கில உரை எழுதும்போது அரபிச் சொல் வந்தால், தமிழ்ப் பிள்ளைகள் முதலில் அதைத் தமிழில் தங்கள் பாட்டிக்குச் சொல்ல வேண்டும், மலாய்ப் பிள்ளைகள் மலாயில் தங்கள் பாட்டிக்கு. பிறகுதான் ஆங்கிலம். தக்வா என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்து ஒருத்தி ஏழெட்டு அசை கொண்ட ஒரு கூட்டுச்சொல்லை எழுதி வந்திருந்தாள். தமிழில் சொல் என்றேன். இறையச்சம் என்றாள். அச்சம் என்றால் பேய்க்குப் பயப்படுவதுபோலா என்றேன். இல்லை மிஸ், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் நாம் ஒழுங்காக இருப்போமே, அதுபோல என்றாள். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள். அந்த உரையிலேயே நன்றாக இருந்த வரி அதுதான்.

நான் அதிகம் மகிழ்ந்தது வேறொன்றைக் கண்டுபிடித்தபோது. கண்டுபிடித்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. ஒரு மலாய் மாணவன் தற்செயலாகச் செய்ததை நான் பார்த்துவிட்டேன், அவ்வளவே. அவன் ஹாஃபிஸ், குர்ஆன் முழுவதையும் மனத்தில் வைத்திருப்பவன். தன் ஆங்கில உரைத்தாளில் வரிகளுக்கு மேலே பென்சிலால் குட்டிக் குட்டி அரபி எழுத்துகளைப் போட்டு வைத்திருந்தான். மீம், ஜீம், லாம்-அலிஃப். ஓதத் தெரிந்த எவருக்கும் தெரியும், இவை நிறுத்தக்குறிகள். மீம் வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். ஜீம் வந்தால் நிறுத்தலாம், போகலாம். லா என்றால் இங்கே மூச்சு விடாதே. எதற்கு இது என்று கேட்டேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓடிவிடுகிறேன் மிஸ், அதனால் போட்டேன் என்றான், ஏதோ தப்பு செய்துவிட்டவன்போல.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இருபது ஆண்டுகளாக இடைநிறுத்தம் இடைநிறுத்தம் என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன். சாய்கோடு போடச் சொல்லியிருக்கிறேன், மேசையைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து மூச்சை எங்கே வெட்டினால் பொருள் கெடும் என்று பயின்றவர்கள். ‘தொழுகையை நெருங்காதீர்கள்’ என்று நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மதரஸாவில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த உதாரணம். போதையில் இருக்கும்போது என்ற மிச்சத்தைச் சொல்லாவிட்டால் கட்டளையே தலைகீழாகிவிடும். அதே பையன் ஆங்கிலத்தில், ஸகாத் என்பது நாம் காட்டும் தயவு இல்லை, ஏழைக்குள்ள உரிமை என்று சொல்ல வந்தவன், ‘ஸகாத் இஸ் நாட்’ என்று நிறுத்தி மூச்சு வாங்கினான். நாட் என்ற சொல்லின் மேல் ஒரு லா போடு என்றேன். போட்டான். அதன் பிறகு அவன் அந்த இடத்தில் மூச்சு விடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பதினான்கு பேரின் தாள்களிலும் மீமும் லாவும் முளைத்திருந்தன. ஒருத்தி மூன்று புள்ளிக் குறியைக்கூடப் போட்டிருந்தாள். இரண்டு இடங்களில் வரும் அந்தக் குறிக்கு, இரண்டில் ஏதாவது ஒன்றில்தான் நிறுத்தலாம் என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு என்ன தேவை என்று யோசித்தேன். அவளுடைய வாக்கியத்தில் நடுவே ‘டுடே’ என்ற சொல் இருந்தது. அது முன்பகுதியோடும் சேரும், பின்பகுதியோடும் சேரும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் அது அந்தரத்தில் தொங்கும். அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

ஒலியும் அப்படியே. ஆங்கிலத்தில் டி-யும் எச்-சும் சேர்ந்து வரும் ஒலி நமக்கும் வராது, மலாய்க்காரர்களுக்கும் வராது என்பது பொதுவான புலம்பல். ‘திங்க்’ என்பதை நாம் பல்லில் அடித்துச் சொல்வோம், அவர்கள் டகரமாகச் சொல்வார்கள். ஆனால் குர்ஆன் உச்சரிப்பு முறையான தஜ்வீத் படித்த வாய்க்கு இது புதிதா? மூன்று புள்ளி வைத்த ஸாவை நுனிநாக்கு மேற்பல்லின் விளிம்பைத் தொட ஓதவேண்டும் என்று உஸ்தாதிடம் அடி வாங்கியாவது கற்றிருக்கிறார்கள். அதுதானே ‘திங்க்’. ஒரு புள்ளி வைத்த தால்தானே ‘திஸ்’. ஃபே இருக்கிறது, ஸாய் இருக்கிறது. ஒலிகளின் பெரும்பகுதி வாயில் தயாராக இருக்கிறது. ஆங்கில வகுப்புக்கு வந்ததும் அதைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ‘அல்கவ்ஸர் அத்தியாயத்தை ஓதுங்கள்’ என்றேன். ஓதினார்கள். அந்த ஸாவிலேயே நாக்கை நிறுத்தி ‘த்ரீ’ சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று, ஆனால் ‘ட்ரீ’ என்று அதன் பிறகு யாரும் மரத்தைக் கூப்பிடவில்லை.

எல்லாமே அங்கிருந்து இங்கே வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓதலில் நெடிலை இரண்டு, நான்கு, ஆறு அளவு இழுக்கிற பழக்கம் ஆங்கிலத்துக்குள் நுழைந்தால் உரை கிராஅத்தாக, அதாவது குர்ஆன் ஓதலாக, மாறிவிடும். மேற்சொன்ன ஹாஃபிஸ் பையன் ஒருநாள் சுற்றுச்சூழல் பற்றி ஆங்கிலத்தில் பேச எழுந்து, மூன்றாவது வாக்கியத்தில் இராகம் போட ஆரம்பித்தான். முடிவில் பின்வரிசையில் ஒருவன் தன்னையறியாமல் ஆமீன் என்றான். சொல்லழுத்தமும் தொல்லைதான். ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லில் முன் அசையை அழுத்தினால் பெயர், பின் அசையை அழுத்தினால் வினை. தமிழிலோ அரபியிலோ மலாயிலோ அழுத்தம் இப்படிப் பொருளை மாற்றி விளையாடாது. இதற்கு ஒரே மருந்து, கேட்டுக் கேட்டுச் சொல்வது. வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவே கல்லூரி ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. கோட்டு சூட்டு, காதில் ஒலிவாங்கி. பிள்ளைகளின் பல்லுக்கிடையே பென்சிலைக் கடிக்கச் செய்து அமெரிக்கச் செய்தி வாசிப்பாளரைப்போல் பேசச் சொன்னார். நம் தமிழ்ப் பெண் ஒருத்தி பேசி முடித்ததும், எல்லாம் சரி, கொஞ்சம் தமிழ் வாடை அடிக்கிறது என்றார். வகுப்பு சிரித்தது. அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். வாடை என்ன, மீனா? பினாங்கில் பிறந்தவள் பேச்சில் பினாங்கு இருக்கும், தமிழ் இருக்கும். எதிரே இருப்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. அவர் போன பிறகு பென்சில்களை வாங்கிப் பெட்டியில் போட்டு, இனி எழுதுவதற்கு மட்டும் வெளியே வரும் என்று சொல்லிவிட்டேன்.

அவரைத் திட்டும் உரிமை எனக்கு முழுதாக இல்லை. அதே பெண்ணிடம் நானும் ஒரு தப்பு செய்தேன். அவள் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, குறைகளைக் காட்டுவதற்காக எல்லார் முன்னாலும் ஓடவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான். தன் குரலை முதல்முறை வெளியிலிருந்து கேட்பது எவ்வளவு கூச்சம் என்பது எனக்குத் தெரியாததா? அடுத்த இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் அவளுடைய உம்மாவே தொலைபேசியில் அழைத்து, மகளை ஏன் அழவைத்தீர்கள் என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு பதிவை அவரவர் வீட்டில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த பிறகு அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். ஆண்கள் இருக்கும் சபையில் பெண் இப்படிக் குரல் எடுத்துப் பேசலாமா என்று வீட்டில் ஒருவர் கேட்டாராம். நான் ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு கொடுக்கிறவள் இல்லை, மார்க்க அறிஞரான ஆலிமைக் கேள் என்றேன். ஆனால் ஒன்று சொன்னேன். நபிகளின் துணைவியார் ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றைக் கேட்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று உன் ஹதீஸ் புத்தகத்திலேயே பார். அவள் பார்த்தாளா என்று தெரியாது. அடுத்த வாரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பேசுவதற்கான அச்சத்தை அளக்க ஜேம்ஸ் மெக்ராஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கிய வினாத்தாள் ஒன்று உண்டு. 24 வாக்கியங்கள். குழு, கூட்டம், இருவர் உரையாடல், மேடை என நான்கு சூழல்கள். பாடத்தின் பகுதியாக இவர்களே அதைப் படித்திருந்தார்கள். சரி, நீங்களே நிரப்புங்கள் என்று கொடுத்தேன். மேடைதான் எல்லாருக்கும் பெரிய பூதமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நான்கைந்து பேர் மேடையைவிட இருவர் உரையாடலுக்குத்தான் அதிகம் நடுங்கினார்கள். ஏன் என்று கேட்டதற்கு நம் பையன், அதே தூண் பையன், சொன்னான்: மேடையில் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் மிஸ்.

இதைப் பல நாள் யோசித்தேன். இவர்கள் பார்த்து வளர்ந்த பேச்சு எது? வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நிகழ்த்தும் உரையான குத்பா. இந்த நாட்டில் மாநில சமயத் துறைகள் உரையை எழுதித் தருகின்றன, உரை நிகழ்த்தும் கதீப் மிம்பர் என்னும் மேடையில் நின்று வாசிக்கிறார். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் தமிழில் குத்பா கேட்டிருக்கிறேன். அங்கேயும் குத்பா நடக்கும்போது கேட்பவர் வாய் திறக்கக் கூடாது என்பதே விதி. அது வணக்கத்தின் ஒழுங்கு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சு என்றாலே ஒருவர் சொல்ல மற்றவர் மௌனமாகக் கேட்பது என்று பதிந்துபோன பிள்ளையைப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தி, எதிரே கேள்வியோடு ஒரு மூதாட்டியையும் நிறுத்தினால் அவன் வேறு என்ன செய்வான்? மிம்பரைத் தேடுவான். குத்பாவைவிட, தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து பயான் என்னும் மார்க்கப் பேச்சு நிகழ்த்தும் நம் ஊர் ஹஜ்ரத்துகளிடம் இவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நடுவில் ஒருவர் கொட்டாவி விட்டால் கதைக்குத் தாவிவிடுவார்கள்.

அவர்கள் பாடத்தில் குர்ஆன் சொல்லும் பேச்சு வகைகள் ஒரு பட்டியலாக வரும். நேரான சொல், கண்ணியமான சொல், மனத்தில் பதியும் சொல், மென்மையான சொல் என்று. அதையும் லாஸ்வெல் சூத்திரம்போல் வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஒருநாள் மென்மையான சொல் எங்கே வருகிறது, யாரிடம் பேசச் சொல்லி வருகிறது என்று கேட்டேன். தாஹா அத்தியாயம், எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடம் என்றார்கள். அதே அத்தியாயத்தில் சற்று முன்னால் மூஸா நபி என்ன கேட்கிறார்? என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் பேச்சை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று கேட்கிறார். இந்த துஆவை என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மேடை ஏறும் முன் ஓதுகிறார்கள். ஓதி முடிக்கும் கடைசிச் சொற்கள் ‘அவர்கள் விளங்கிக்கொள்ள’ என்பதுதான் என்று சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்க அவர் கேட்கவில்லை. பிறகு தன்னைவிட நாவன்மை உள்ளவர் என்று சகோதரர் ஹாரூனைத் துணைக்குக் கேட்கவும் அவர் கூச்சப்படவில்லை. இதை வைத்து, இருவராகப் பேசலாம் என்று ஒரு வாரம் அனுமதித்தேன். பாதிப் பேர் ஹாரூனைத் தேடி அலைந்தார்கள், மூஸாவாக இருக்க ஆள் இல்லை.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்பது ஆங்கிலத்தில் கேட்க இதமான அளவு. என் பிள்ளைகளில் ஒருத்தி 600 சொல் உரையை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, நேரம் மிச்சம் மிஸ் என்றாள். நபிகள் பேசினால், எண்ண விரும்பியவர் சொற்களை எண்ணிவிடலாம் என்று ஆயிஷா நாயகி சொன்னதை அவளே எனக்கு முந்தின வாரம் விளக்கியிருந்தாள். கேட்பவர்கள் விளங்கிக்கொள்வதற்காக நபிகள் ஒரு சொல்லை மூன்று முறை சொல்வார்கள் என்ற ஹதீஸையும் சேர்த்து. தெரிந்திருப்பதும் செய்வதும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் மேடைப்பேச்சுக் கழகத்தார் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் விளக்குக் காட்டி நேரம் சொல்வார், இன்னொருவர் ‘ஆ’, ‘அம்’ என்ற இழுவைகளை எண்ணுவார். நானும் செய்து பார்த்தேன். எண்ணுவதற்கு, இறைவனைத் துதிக்க உருட்டும் தஸ்பீஹ் மணியை எடுத்தான் ஒருவன். அதை இதற்கு எடுக்கக் கூடாது என்று மற்றவர்கள் பாய்ந்தார்கள். கீழே போய் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கி வந்து, ஒவ்வோர் இழுவைக்கும் ஒரு கடலையை எவர்சில்வர் டம்ளரில் போடுவது என்று முடிவாயிற்று. டங் என்று அது விழும் சத்தத்தில் பேசுபவன் இன்னும் பயந்து இன்னும் இரண்டு ‘அம்’ போட்டான். மூன்றாவது பேச்சாளர் முடிப்பதற்குள் எண்ணுகிறவனே கடலையைத் தின்றுவிட்டான். அத்தோடு அந்தப் பயிற்சி முடிந்தது. தமிழில் நாம் ‘வந்து, வந்து’ என்று போடுவதையும் மலாயில் ‘மாச்சாம்’ போடுவதையும் யாரும் எண்ணுவதில்லையே, ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தணிக்கை என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி.

பிறகு வகுப்பைப் பெரும்பாலும் மாடியிலிருந்து இறக்கிவிட்டேன். பள்ளிவாசல் வாசலில் தன்னார்வலர்களோடு இரண்டு இரண்டு பேராக நிற்பது, உரை கிடையாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் மூன்று வாக்கியத்துக்குள். மாலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து கடமைகளைப் பற்றி நேரடியாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கை கால் கழுவும் தண்ணீர் குளிராக இருக்குமா, ஏன் நாற்காலியே இல்லை, பூனைகள் உள்ளே வரலாமா, கம்பளத்தில் கோடுகள் எதற்கு. இவற்றுக்குப் பதில் சொல்லப் போனால் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவும், தொழுகையும், அதில் நிற்கும் வரிசையான சஃப்பும் தாமாகவே வந்துவிடுகின்றன. கம்பளக் கோட்டைக் கேட்டவரிடம் நம் தமிழ்ப் பெண், அரசரும் கூலியும் ஒரே கோட்டில் நிற்பதற்கு என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தமிழ் வாடையோடுதான்.

கடைசி வாரம் தூண் பையனின் முறை. நடுத்தர வயதுத் தம்பதி, தோளில் புகைப்படக் கருவி. சற்றுத் தள்ளி நின்றேன், இந்த முறையும் அறிவிப்புப் பலகைதான். இங்கே என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். தொழுவோம் என்றான், ஐந்து வேளை. எங்களுக்கு ஐந்து கடமைகள், இது அவற்றில் ஒன்று. தூண் என்று சொல்லவில்லை. அவ்வளவோடு நிறுத்தினான். உள்ளுக்குள் ஒரு மீம் விழுந்ததை நான் பார்த்தேன்.

கடமை என்றால், யாருக்குச் செய்கிற கடமை என்று கேட்டார் அவருடைய கணவர்.

பையன் வாயைத் திறந்தான், மூடினான். மனப்பாட உரைக்குத் தாவப்போகிறான் என்று என் வயிற்றில் ஒரு பிடி. தாவவில்லை. அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே மேலே ஒலிபெருக்கி கரகரத்து, மோதினார் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பதி இருவரும் மினாராவை அண்ணாந்து பார்த்தார்கள். பையனும் அண்ணாந்தான். பாங்கின் நடுவே மோதினார் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவன் அவர்கள் பக்கம் குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: இது ஒலிப்பதிவு இல்லை, உள்ளே ஓர் ஆள் நிற்கிறார்.